வெட்டினால் பொறி பறக்கும்: பழைய பத்மினிக்கு ஒரு ரெவ் லிமிட்டர்

பழைய காருக்கு ரெவ் லிமிட்டர், அதாவது இன்ஜின் சுற்று (ஆர்பிஎம்) ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி, போடலாமா என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "காயிலுக்குப் போற வயர்ல ஒரு ரிலே வைங்க. ஆர்பிஎம் ஏறினா ரிலே கட் ஆகும். கரன்ட் இல்லேன்னா ஸ்பார்க் இல்ல. அவ்ளோதான்." கேட்க நியாயமாகவே இருக்கிறது. செலவும் குறைவு, அரை நாளில் வேலை முடிந்துவிடும், ஓட்டிப் பார்த்தால் இன்ஜின் சொன்ன இடத்தில் நிற்கவும் செய்யும். முக்கால் பங்கு சரியான யோசனை என்பதால்தான் இது இவ்வளவு காலமாகக் கைமாறி வந்திருக்கிறது. மீதிக் கால் பங்கு பிஸ்டனை ஓட்டை போடும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கால் பங்கைப் பற்றியதுதான்.

எடுத்துக்கொள்ளும் வண்டி பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100 குடும்பத்தின் 1089 சிசி இன்ஜின், 4 சிலிண்டர், போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., வால்வுகளைத் தள்ள புஷ்ராட். நிமிடத்துக்கு 4800 சுற்றில் 40 குதிரைத்திறன். அதற்கு மேல் முறுக்கினால் சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது. 4800 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 12 மீட்டர். 6000-ல் அது 15 மீட்டர். வேகம் கால் பங்குதான் கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் பிஸ்டனை மேலும் கீழும் இழுத்து நிறுத்தும் விசை சுற்றின் இருமடியாக ஏறுவதால், கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும் 56 சதவீதம் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்கும் ஒரு கட்டத்தில் தோற்றுவிடும். கேம் இறங்கும் வேகத்துக்கு வால்வால் திரும்பி வர முடியாமல் அந்தரத்தில் மிதக்கும், புஷ்ராட் தன் குழியிலிருந்து நழுவும், வளையும். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆன வண்டி இது. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடி எடுக்கும் கிராங்க் ஏற்கெனவே எத்தனை முறை கடைசல் கண்டது என்பது அதை அளந்து பார்த்தால்தான் தெரியும். இருக்கிற இன்ஜினைக் காப்பாற்றுவதே காரியம். ரேஸ் ஓட்டுகிறவருக்கு மட்டும் உரிய பொருளாக ரெவ் லிமிட்டரைப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

சாதுவாக ஓட்டுகிற வண்டியில் சுற்று எப்படி எகிறும்? பெரும்பாலான பத்மினிகளில் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது. லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கம்பிகளின் புஷ்கள் தேய்ந்திருந்தால், மூன்றாவது விழுந்ததாக நினைத்து கிளட்சை விடும்போது கியர் நியூட்ரலிலேயே நின்றிருக்கும். கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும். சுமையே இல்லாத இன்ஜின் ஒரு விநாடிக்குள் அலறிவிடும். ஆக்சிலரேட்டர் ரிட்டர்ன் ஸ்பிரிங் அறுந்தாலும், மேட்டில் கிளட்ச் வழுக்கினாலும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைப்பு கழன்றாலும் இதே கதை. டேஷ்போர்டில் டாகோமீட்டரும் கிடையாது. காதுதான் மீட்டர்.

லிமிட்டரால் ஆகாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேகமாகப் போகும்போது தவறுதலாகக் கீழ் கியர் விழுந்தால் இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். அங்கே பொறியை நிறுத்துவதால் எதுவும் நிற்காது. கியர் லிங்கேஜ் புஷ்களை முதலில் மாற்றுங்கள், பிறகு இந்த வேலைக்கு வாருங்கள்.

வெட்டும் கணத்தில் என்ன நடக்கிறது

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இன்ஜினோடு சுற்றும் கேம் திறந்து மூடும் சுவிட்ச்தான் பாயிண்ட். பாயிண்ட் இக்னிஷன் வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரியும். ஆனாலும் அதில் ஒரு வரியை மறந்துவிடுகிறோம். காயிலில் மின்னோட்டம் ஓடும்போது பொறி வருவதில்லை, ஓட்டம் நிற்கும்போதுதான் வருகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை காயிலில் ஆற்றல் ஏறுகிறது. பாயிண்ட் திறக்கும்போது ஏறியதெல்லாம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பாய்ந்து பிளக்கில் பொறியாகிறது. அப்படியானால் காயில் ஏறிக்கொண்டிருக்கும்போது ரிலே அந்த வயரை வெட்டினால்? அதுவும் ஓட்டத்தை நிறுத்துவதுதானே? காயிலுக்கு வித்தியாசம் தெரியாது. நிறுத்தியது பாயிண்டா ரிலேயா என்று அது பார்ப்பதில்லை. பொறி விடும்.

பொறியை நிறுத்தப் போட்ட ரிலே, தானே ஒரு பொறியை உண்டாக்குகிறது. அதுவும் நேரம் கெட்ட பொறி.

எவ்வளவு நேரம் கெட்டது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 4 சிலிண்டர் இன்ஜினில் ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங்க் 180 டிகிரி சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் டுவெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் அளவு, ஏறக்குறைய 60 டிகிரி. கிராங்க் இருமடங்கு வேகத்தில் சுற்றுவதால் அங்கே அது 120. ஆக பொறி விழுந்த பின் முதல் 60 டிகிரி பாயிண்ட் திறந்திருக்கும், அடுத்த 120 டிகிரி மூடியிருக்கும், பிறகு அடுத்த பொறி. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர் இதற்கிடையே ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போய்க்கொண்டிருக்கும், பாதி வழி 90 டிகிரியில். ரிலே வெட்டுவது அந்தப் பாதி வழிக்கு முன்னால் என்றால், பொறி ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் சிலிண்டருக்குப் போகும். கெடுதல் இல்லை. பாதி வழியைத் தாண்டி வெட்டினால் பொறி அடுத்த சிலிண்டருக்குப் போகும். அங்கே பிஸ்டன் இப்போதுதான் மேலேறத் தொடங்கியிருக்கிறது. உரிய நேரத்துக்கு 45 டிகிரி முன்னால் ரிலே வெட்டியது என்று வையுங்கள். அந்தச் சுற்றில் வழக்கமான அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சியைத் தொடும் முன் பொறி விழும் அளவு) 35 டிகிரி என்றால், பிஸ்டன் உச்சிக்கு 80 டிகிரி இருக்கும்போதே கலவை பற்றிக்கொள்ளும். எரிந்து விரியும் வாயுவுக்கு எதிராகப் பிஸ்டன் மேலே ஏறி முட்ட வேண்டும். இன்னும் மோசம் என்னவென்றால், அந்த நிலையில் சிலிண்டரில் அழுத்தம் குறைவு, ஆகவே அரைகுறையாக ஏறிய காயிலின் பொறியும் சுலபமாகத் தாவிவிடும்.

ரிலேவுக்கு இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. அது திறக்கவே சில மில்லி விநாடிகள் ஆகும். 5200 சுற்றில் ஒரு மில்லி விநாடியில் கிராங்க் 31 டிகிரி நகர்ந்துவிடுகிறது. எனவே வெட்டு எங்கே விழும் என்பது குலுக்கல் சீட்டு. 180-ல் 90 டிகிரி ஆபத்தான பகுதி. ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு முறை அடி விழும். எல்லையில் தொங்கிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ரிலே விநாடிக்குப் பல முறை படபடவென்று திறந்து மூடும். இன்ஜினைக் காக்க வந்த கருவி, இன்ஜின் அதிகபட்சச் சுமையில் இருக்கும் நேரத்தில் இந்த வேலையைச் செய்கிறது.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. ரிலே வைத்த வண்டியில் எல்லையைத் தற்காலிகமாக 2500 சுற்றுக்கு இறக்குங்கள். முதல் சிலிண்டர் வயரில், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை மாட்டி, புல்லியின் டைமிங் குறியில் வெளிச்சம் அடித்துக்கொண்டு நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்லக் கூட்டுங்கள். எல்லை வரும்வரை குறி அட்வான்ஸோடு சேர்ந்து மெல்ல நகருமே தவிர தாவாது. எல்லையைத் தொட்டதும், விளக்கு அணைந்து குறி மறைய வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் குறி அங்கும் இங்கும் தாவும். புல்லியின் எந்தெந்தப் பக்கமோ வெளிச்சத்தில் தெரியும். அப்படித் தாவுகிற ஒவ்வொரு மின்னலும் முதல் சிலிண்டருக்குள் நேரம் கெட்டு விழுந்த ஒரு பொறி. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் காயில் வயரில் ரிலே வைக்க மாட்டார். ரிலேவுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்தாலும் இதேதான். குற்றம் ரிலேவின் மேல் இல்லை, வெட்டும் நேரத்தின் மேல்.

டூ-வீலரில் பழகியவர்கள் இன்னொரு வழி சொல்வார்கள்: வெட்டாதே, எர்த் பண்ணு. பேட்டரி இல்லாமல் தானே பொறிக்கு மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ வண்டியில் கில் சுவிட்ச் அப்படித்தான் வேலை செய்கிறது, அங்கே அது சரி. பேட்டரியும் காயிலும் உள்ள காரில் காயிலின் நெகட்டிவை எர்த் செய்தால் பாயிண்ட் திறந்தாலும் ஓட்டம் நிற்காது, பொறியும் வராது. ஆனால் காயில் நிறுத்தாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. எர்த்தை எப்போது விடுவிக்கிறோமோ, அந்த நேரத்தில் பாயிண்ட் திறந்திருந்தால் முழு வலிமையோடு ஒரு பொறி விழும். நேரம் கெட்ட பொறியைத் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு மாற்றி வைத்ததுதான் மிச்சம்.

பழைய ஆட்கள் இதை அழகாகத் தீர்த்திருந்தார்கள். லோட்டஸ் எலானிலும், பாஷ் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த போர்ஷே 911-லும் ரோட்டருக்குள்ளேயே ஸ்பிரிங் பிடித்த ஒரு சிறு எடை இருக்கும். எலானில் 6500 சுற்றைத் தாண்டினால் அது வெளியே வீசப்பட்டு, பிளக்குக்குப் போக வேண்டிய பொறியை நடுத்தண்டுக்கே எர்த் செய்துவிடும். காயில் பக்கம் கை வைப்பதே இல்லை. பாயிண்ட் திறக்கும் நேரத்தில்தான் பொறி வரும், வந்த பொறி போகுமிடம்தான் மாறும். ஆகவே நேரம் கெட வழியே இல்லை. எல்லையை மாற்ற முடியாது, ஸ்பிரிங் தளர்ந்தால் எண் நகரும், அது ஒன்றுதான் குறை. பத்மினிக்கு அப்படியொரு ரோட்டர் கடையில் கிடைக்காது. ஆனால் அதன் பின்னால் உள்ள புத்தியை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏறத் தொடங்காமல் தடுப்பது

சரியான விதி இதுதான்: ஏறிக்கொண்டிருக்கும் காயிலைத் தொடாதே, அடுத்த முறை ஏறவே விடாதே. பாயிண்ட் திறந்து பொறி விழுந்த அந்த நேரத்தில் முடிவு எடுக்க வேண்டும். அடுத்து பாயிண்ட் மூடும்போது காயிலுக்கு மின்சாரம் கொடுக்காமல் விட்டால் போதும். ஏறாத காயிலில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை.

இதில் ஒரு சிக்கல் உடனே வரும், பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சுற்றை எண்ணுவதற்குக் காயிலின் நெகட்டிவ் முனையில் வரும் துடிப்பைத்தான் வழக்கமாக எடுப்போம். காயிலுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அந்தத் துடிப்பும் நின்றுவிடும். கருவிக்கு இன்ஜின் ஓடுகிறதா நின்றதா என்றே தெரியாது. உடனே நின்றுவிட்டதாக எண்ணித் திறந்துவிடும், அல்லது எப்போதைக்குமாக மூடிவிடும். ஆகவே பாயிண்டையும் காயிலையும் பிரித்தாக வேண்டும். பாயிண்ட் இனி நேரம் சொல்லும் சுவிட்ச் மட்டும். காயிலை இயக்குவது ஒரு இக்னிஷன் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க ஒரு சிறு கணிப்பொறிச் சில்லு. லிமிட்டர் போடப் போய் டிரான்சிஸ்டர் இக்னிஷனும் சேர்ந்து வந்துவிடுகிறது. பாயிண்டின் முனைகள் 4 ஆம்பியரை உடைக்க வேண்டியதில்லை என்பதால் கருகுவதும் குழி விழுவதும் ஏறக்குறைய நின்றுபோகும்.

காயிலின் நெகட்டிவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயில் முனையில் கழற்றுங்கள். அந்த வயரில் இக்னிஷன் 12 வோல்ட்டிலிருந்து 56 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைக் கொடுங்கள். பாயிண்ட் மூடும்போது கால் ஆம்பியர் ஓடும். இதைக் குறைக்க ஆசைப்படாதீர்கள். சில மில்லி ஆம்பியர் போதுமே என்று 1000 ஓம் போட்டால், முனைகளில் படியும் எண்ணெய்ப் படலமும் துருவும் எரிந்து போகாமல் சில வாரங்களில் பாயிண்ட் தொடர்பு விட்டு விட்டு வரத் தொடங்கும். அதே வயரிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சில்லின் உள்ளீட்டுக்கு வாருங்கள், அங்கே எர்த்துக்கு 5.1 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றும், 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும். இந்தக் கெப்பாசிட்டரில் கவனம் தேவை. இரைச்சல் வருகிறதே என்று கையில் கிடைத்த 100 நானோஃபாரட்டைப் போட்டால் 10 கிலோ ஓமோடு சேர்ந்து ஒரு மில்லி விநாடித் தாமதம் உண்டாகும். மேலே சொன்ன கணக்கின்படி 5200 சுற்றில் அது 31 டிகிரி ரிட்டார்ட், அதாவது பொறி அவ்வளவு பிந்தி விழும். வண்டி இழுக்காது, சைலன்சர் சிவக்கும், காரணம் எங்கே என்று கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்போம். 1 நானோஃபாரட்டில் தாமதம் 10 மைக்ரோ விநாடி, டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு.

காயிலை இயக்க ஐஎஸ்எல்9வி3040 என்ற இக்னிஷன் ஐஜிபிடி (ஒரு வகைப் பவர் டிரான்சிஸ்டர்) நன்றாகப் பொருந்தும். கார் இக்னிஷனுக்கென்றே செய்தது, 400 வோல்ட்டில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், 5 வோல்ட் கேட்டிலேயே ஆன் ஆகும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அது கிடைக்காவிட்டால் பியூ941 டார்லிங்டன் கிடைக்கலாம், ஆனால் அதன் பேஸுக்கு 100 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க நடுவில் இன்னொரு டிரான்சிஸ்டர் வேண்டும். சாதாரண மாஸ்ஃபெட் வேண்டாம். சில்லின் வெளியீட்டிலிருந்து கேட்டுக்கு 330 ஓம், கேட்டிலிருந்து எமிட்டருக்கு 10 கிலோ ஓம். சில்லு செத்தாலும் காயில் தானாக அணைந்திருக்க அந்த இரண்டாவது ரெசிஸ்டர்தான் காவல். காயில் 3 ஓம் வகையாக இருந்தால் நாலு ஆம்பியருக்கு மேல் வராது. டிரான்சிஸ்டரில் ஒன்றரை வோல்ட் விழுந்தாலும் டுவெல் போக 4 வாட் சூடு. உள்ளங்கை அகல அலுமினியத் தகடு போதும். டிரான்சிஸ்டரின் முதுகுத் தகடு கலெக்டரோடு இணைந்தது, அதில் 400 வோல்ட் வரை துள்ளும். மைக்கா தாளும் நைலான் வாஷரும் இல்லாமல் தகட்டில் திருகினால் தகட்டைத் தொடுபவர் உதறிவிழுவார்.

சில்லுக்கு அட்மெகா328பி உள்ள ஆர்டுயினோ நானோ தாராளம். பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை சர்க்யூட்களில் எல்எம்2917 வரும், சுற்றை வோல்ட்டாக மாற்றும் ஐசி அது. அதையும் ஒரு 4013 ஃபிளிப்-ஃபிளாப்பையும் சேர்த்து, பாயிண்ட் திறப்பை கிளாக்காகக் கொடுத்தால் நிரல் எதுவும் எழுதாமலே இதே வேலையைச் செய்யலாம். ஆனால் அதன் துல்லியம் ஒரு கெப்பாசிட்டரை நம்பி இருக்கிறது, பானட்டுக்கடியில் மே மாதம் அந்தக் கெப்பாசிட்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றாது. கிரிஸ்டல் உள்ள சில்லுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நிரலில் இருக்க வேண்டியவை

பாயிண்ட் மூடியதும் டிரான்சிஸ்டரை உடனே ஆன் செய்ய வேண்டும். ஆனால் பாயிண்ட் மூடும்போது ஒருமுறையில் ஒட்டாது, சுத்தியல் பட்டறைக்கல்லில் துள்ளுவதுபோல் சில முறை துள்ளும். ஸ்பிரிங் தளர்ந்த பாயிண்டில் இது இன்னும் அதிகம். ஒவ்வொரு துள்ளலையும் பொறியாக எண்ணினால் 3000 சுற்றிலேயே லிமிட்டர் வேலையைத் தொடங்கிவிடும். வழக்கமான தீர்வாக, ஒரு திறப்புக்குப் பின் சில மில்லி விநாடி கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். அது உயர்ந்த சுற்றில் பலிக்கும், ஐடிலிங்கில் பலிக்காது. 800 சுற்றில் பாயிண்ட் மூடுவதே பொறிக்குப் பின் 12.5 மில்லி விநாடி கழித்துத்தான், அதற்குள் கண் திறந்திருக்கும். சரியான வழி, மூடிய நேரத்திலிருந்து அளப்பது. மூடி 1 மில்லி விநாடி ஆகும் முன் வரும் எந்தத் திறப்பையும் பொருட்படுத்தாமல் டிரான்சிஸ்டரை ஆனிலேயே வைத்திருங்கள். 6000 சுற்றில் கூட உண்மையான டுவெல் 3.3 மில்லி விநாடி இருக்கிறது, இடம் போதும்.

சுற்றை ஒரு பொறியிலிருந்து அடுத்த பொறிக்கு அளக்காதீர்கள். தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடும், கேமின் நான்கு முகங்களும் துல்லியமாக ஒன்றுபோல் இருக்காது. அடுத்தடுத்த இடைவெளிகள் சில சதவீதம் மாறினாலும் எல்லை அருகே கருவி தடுமாறும். கடைசி நான்கு இடைவெளிகளைக் கூட்டினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு முழுச் சுற்று, கேமின் பிழை தானாகக் கழிந்துவிடும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், 120-ஐ ஆர்பிஎம்மால் வகுத்தால் வரும் விநாடி. சிலிண்டர் எத்தனை என்ற கேள்வியே இல்லை. 5200 சுற்றுக்கு 23077 மைக்ரோ விநாடி, 5250-க்கு 22857, 5350-க்கு 22430. நியூட்ரலில் விநாடிக்கு 5000 சுற்று வேகத்தில் இன்ஜின் ஏறினாலும், இந்த அளவு எடுத்து முடிப்பதற்குள் அது 115 சுற்றுதான் கூடியிருக்கும்.

பத்மினியின் அசல் இன்ஜினுக்கு 5200-ல் தொடங்குவது என் கணிப்பு. பிஸ்டன் வேகம் அங்கே விநாடிக்கு 13 மீட்டர். 4800-ஐத் தாண்டிக் கியர் மாற்றக் கொஞ்சம் இடம் இருக்கிறது, கேடு வர இடமில்லை. 5200-ல் எல்லாப் பொறியையும் ஒரேயடியாக நிறுத்தினால் வண்டி குலுங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைப்புகள் அடி வாங்கும். எனவே 5200-ல் மூன்றுக்கு ஒரு பொறியைத் தவிர்த்துவிடுங்கள். அப்படியும் ஏறி 5350-ஐத் தொட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி, 5250-க்கு இறங்கியதும் திரும்பக் கொடுங்கள். மூன்று என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. பற்றும் வரிசை 1-3-4-2. ஒவ்வொரு மூன்றாவது பொறியையும் தவிர்த்தால் முதலில் 4-வது சிலிண்டர் விடுபடும், பிறகு 3, பிறகு 1, பிறகு 2 என்று நான்கும் முறை போட்டுக்கொள்ளும். இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று தவிர்த்தால் அதே சிலிண்டர்களே திரும்பத் திரும்பப் பட்டினி கிடக்கும், எரியாத பெட்ரோல் அந்த போரின் எண்ணெயைக் கழுவும், பிளக் நனையும். இதையே 3 சிலிண்டர் கார்புரேட்டர் மாருதி 800-க்கு எடுத்துப் போனால் கணக்கு தலைகீழ்: அங்கே மூன்றுக்கு ஒன்று கூடாது, நாலுக்கு ஒன்று சரி.

கார்புரேட்டருக்கு லிமிட்டர் இருப்பது தெரியாது. பொறி இல்லாத சிலிண்டரிலிருந்து பெட்ரோல் கலவை அப்படியே சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கும். ஓரிரு விநாடிக்குப் பரவாயில்லை. 1995 ஏப்ரலுக்குப் பிறகு நான்கு பெருநகரங்களில் புதிதாக விற்ற பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம். அப்படி ஒன்று இன்னும் வண்டியில் இருந்தால் அந்தப் பெட்ரோல் அதற்குள் எரிந்து அதை உருக்கிவிடும், எல்லையில் தொங்கவிட்டு விளையாடக் கூடாது.

"இன்ஜின் நின்று, சாவி போட்டபடி இருந்தால் காயிலைத் தானாக அணைக்கலாமே" என்று ஒரு நல்ல எண்ணம் நிரல் எழுதும் எல்லோருக்கும் வரும். நில்லுங்கள். ஏறியிருக்கும் காயிலை அணைப்பதுதான் பொறி. நின்ற இன்ஜினில், அதுவும் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பும் வண்டியில், யாரோ ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது அந்தப் பொறி விழுந்தால் மணிக்கட்டு உடையும். இந்த வசதியை விட்டுவிடுங்கள். பழைய பாயிண்ட் இக்னிஷனும் சாவி போட்டபடி இருந்தால் காயிலைச் சுடவைத்துக்கொண்டுதான் இருந்தது, சாவியை எடுக்கும் பழக்கம் போதும்.

மின்சாரமும் எர்த்தும்

சில்லு நடுவழியில் ரீசெட் ஆனாலும் அதே நேரம் கெட்ட பொறிதான். ஆகவே 5 வோல்ட் சுத்தமாக இருக்க வேண்டும். சாவிக்குப் பின் 1 ஆம்பியர் ஃபியூஸ், 1என்4007 டயோடு, மின்னழுத்தம் திடீரென்று எகிறாமல் தடுக்கும் 24 வோல்ட் டிவிஎஸ் டயோடு, பிறகு எல்எம்2940 ரெகுலேட்டர். சாதாரண 7805 வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 7805 கைவிட்டுவிடும். எல்எம்2940 அரை வோல்ட் இடைவெளியிலும் தாக்குப்பிடிக்கும். வெளியீட்டில் குறைந்தது 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அது ஊசலாடும், மறக்க வேண்டாம். செல்ஃப் சுற்றும்போது பிடிக்காமல், சாவியை விட்டதும் இன்ஜின் பிடிக்கிறது என்றால் சில்லு ரீசெட் ஆகிறது என்று அர்த்தம். நானோவில் உள்ள பூட்லோடரும் (தொடக்கத்தில் ஓடி, புது நிரல் வருகிறதா என்று பார்ப்பது) ஒரு விநாடி வரை தின்னும், அதை நீக்கி நிரலை ஐஎஸ்பி வழியாக நேரடியாக ஏற்றுங்கள்.

டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து 1.5 சதுர மி.மீ. வயர் நேராக இன்ஜின் பிளாக்குக்கு. சில்லின் எர்த் அதே போல்ட்டில் தனி வயராகச் சேர வேண்டும். பாடியில் கிடைத்த திருகில் எர்த் செய்தால், 4 ஆம்பியர் ஓடி நிற்கும்போதெல்லாம் சில்லின் காலடி மண் ஆடும். வயர்கள் பிளக் வயர்களுக்கு இணையாகப் போகக் கூடாது. செம்புக் கம்பி பிளக் வயர் என்றால் ரெசிஸ்டர் உள்ள பிளக் அல்லது கேப் போடுங்கள். பெட்டிக்கு இடம் பானட்டுக்கடியில் அல்ல, உள்ளே டேஷ்போர்டின் கீழ். பத்மினி நெகட்டிவ் எர்த். பழைய பிரிட்டிஷ் வம்ச வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அங்கே இந்த இணைப்பு அப்படியே செல்லாது.

வண்டியில் மாட்டும் முன் மேசையில் பாருங்கள். இன்னொரு ஆர்டுயினோவிலிருந்து துடிப்பு கொடுங்கள். நாலு சிலிண்டருக்கு ஆர்பிஎம்மை 30-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ், 5200-க்கு 173. பழைய காயில் ஒன்றும் எர்த் செய்த பிளக் ஒன்றும் இருந்தால் பொறி குறைவதும் நிற்பதும் திரும்புவதும் கண்ணுக்குத் தெரியும். பிளக் இல்லாமல் காயிலை ஓட விடாதீர்கள், போக வழியில்லாத பொறி காயிலின் உள்ளேயே துளை தேடும்.

பிறகு வண்டியில், எல்லையை 2500-ல் வைத்து அதே டைமிங் லைட் சோதனை. 2500-ல் மின்னல் மூன்றில் ஒரு பங்கு குறையும், 2650-ல் இருட்டாகும், 2550-க்கு இறங்கியதும் திரும்பும். இது எதிலும் குறி இடம் மாறக் கூடாது. ஓரிரு டிகிரி நடுங்கினால் அது தேய்ந்த தண்டின் ஆட்டம், லிமிட்டர் இல்லாதபோதும் அது இருந்திருக்கும். தாவினால் எர்த்தையும் பாயிண்ட் ஸ்பிரிங்கையும் பாருங்கள், சரியாகும்வரை 5200-ஐ ஏற்றாதீர்கள். டைமிங்கும் பாயிண்ட் இடைவெளியும் முன்புபோலத்தான். முனைகள் கருகாவிட்டாலும் கேமில் உரசும் அடிக்கட்டை தேயும், தேய்ந்தால் இடைவெளி குறைந்து டைமிங் பின்னால் போகும், எனவே கிரீஸ் வைப்பதை நிறுத்த முடியாது.

பாயிண்டோடு சேர்ந்திருக்கும் கண்டன்சரைக் (கெப்பாசிட்டர்தான்) கழற்றிவிடச் சொல்வார்கள். வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். 0.2 மைக்ரோஃபாரட்டும் 56 ஓமும் சேர்ந்து 11 மைக்ரோ விநாடிதான் தாமதிக்கும், டிகிரியில் மூன்றில் ஒன்று. பதிலுக்கு ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. காயில் நெகட்டிவிலிருந்து பெட்டிக்கும், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பெட்டிக்கும் போகும் இரண்டு இணைப்புகளிலும் ஸ்பேட் டெர்மினல் வையுங்கள், ஒன்று ஆண், ஒன்று பெண். நெடுஞ்சாலையில் நடு ராத்திரி பெட்டி செத்துப்போனால், இரண்டையும் பெட்டியிலிருந்து பிடுங்கி ஒன்றோடொன்று செருக வேண்டும், பெட்டிக்குப் போகும் ஃபியூஸை உருவ வேண்டும். பத்மினி பழைய பாயிண்ட் இக்னிஷனில் வீடு வந்து சேரும்.